ஏழு மினுக்கு வார்த்தைகள்

அத்தியாயம் 9

பகல் பதினொன்றே காலுக்கு அண்ணி என் கையில் ஒரு நாய்ப்பல்லைக் கொடுத்து, "தேய்" என்றார்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரப்பிடி போட்ட பல். பிடி வழுவழுவென்று இருந்தது. பல் அதைவிட வழுவழு.

"அண்ணி, இது நிஜ நாயோடதா?"

"கல்லு தம்பி. நாய்ப்பல் மாதிரி செதுக்கியிருக்கு. அந்தக் காலத்துல நிஜப் பல்லையே பிடி போட்டு வெச்சிருந்தாங்களாம்."

"நாய்கிட்ட கேட்டுட்டா?"

"தேய்."

தேய்த்தேன். எங்கள் துப்பறியும் நிலையத்தில் மொத்தம் இரண்டு பேர். மூளை அண்ணி. மற்ற உறுப்புகள் எல்லாம் நான். அண்ணி என் அண்ணன் மனைவி. ரயில்வேயில், தொலைந்த பொருள் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து குடை, பல்செட், ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை என்று சகலத்தையும் உரியவரிடம் ஒப்படைத்தவர். நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவன். இரண்டு விற்றேன், மூன்று திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அண்ணி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் இருந்தது பைண்டர் அக்காவின் பட்டறை. இரும்புச் சக்கரம் வைத்த அழுத்தும் பிரஸ், நூல் கட்டிய தையல் சட்டம், பசைக் கிண்ணங்கள், தோல் துண்டுகள். நான்கு சுவரிலும் அலமாரி. அலமாரி காலியாக இருந்ததுதான் பிரச்சினை. போன வாரம் வரை அங்கே கோர்ட் ரிஜிஸ்டர்களும் பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளும் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றனவாம். விஷயம் வெளியே பரவியதும் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கையெழுத்துப் புத்தகம். ஏதோ ஒரு இங்கிலீஷ் பட்டறை மேஸ்திரி, தன் ஆட்களுக்காக எழுதியது. மெருகு, மினுக்கு, பளபளப்பு சம்பந்தமான பழைய ஆங்கில வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் பொருள். அது எப்படியோ கைமாறி ஒரு பாலிஷ்காரர் குடும்பத்துக்கு வந்து, அவர் அதை அகராதி ஆபீஸுக்குக் கொடுத்தார். அகராதி ஆபீஸ் அதை வைத்துக்கொண்டு, பழைய ஆங்கில மினுக்குச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் ஒரு கனத்த தொகுதியைப் போன வருஷம் வெளியிட்டது. பரிசும் வாங்கியது.

பழைய புத்தகத்தைக் கண்காட்சியில் வைப்பதாக ஏற்பாடு. முதுகு பிய்ந்திருந்ததால் பைண்டர் அக்காவிடம் அனுப்பினார்கள். அவர் மூன்று வாரத்தில் தைத்துக் கொடுத்தார். போன வாரம் பாலிஷ்காரர் பார்க்க வந்தார். இருபத்து மூன்றாம் தாளைத் திருப்பினார். கத்தினார்.

சின்ன வயதில் அந்தத் தாளின் மேல் அவர் வார்னிஷைக் கொட்டி, முதுகில் அடி வாங்கியிருக்கிறார். இப்போது அந்தத் தாளில் கறையைக் காணோம். வாங்கிய அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. அசல் தாளை உருவிவிட்டு வேறு தாளை யாரோ வைத்திருக்கிறார்கள். புத்தகம் அகராதி ஆபீஸை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை, பைண்டர் அக்காவிடம். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அசல் தாள் வராவிட்டால் போலீஸில் புகார் என்று அகராதி ஆபீஸ் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"வாங்கும்போது நீங்க தாளை எண்ணினீங்களா அக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"எண்ணாம எதையும் வாங்க மாட்டேன். அறுபத்து நாலு தாள். ரிஜிஸ்டர்ல எழுதி, அவங்க ஆள் கையெழுத்தும் போட்டிருக்காரு." அக்கா ரிஜிஸ்டரை எடுத்து வைத்தார். "இது என்னைக் காப்பாத்தும்னு நினைச்சேன். எல்லாத் தாளும் என் கைக்கு வந்துச்சுன்னு இதையே எனக்கு எதிரா காட்டுறாங்க."

"இருபத்து மூணாம் தாள்ல கறை இருந்துச்சா?"

"இல்லை. நான் வாங்கினப்பவே இல்லை. தாள் பழசு, மத்த தாள் மாதிரியே இருந்துச்சு. எழுத்தைப் படிச்சுக்கிட்டு உக்காந்தா என் வேலை எப்ப முடியும்? நான் தாளைத்தான் பார்ப்பேன்." அக்கா உட்கார்ந்தார். "முப்பது வருஷம் அடுத்தவங்க காகிதத்தைத் தொட்டுப் பொழைச்சவ நான். திருடின்னு பேரு வந்துட்டா யாரு என் கையில ஒரு தாளைக் கொடுப்பாங்க?"

எனக்கு மெஷின் திரும்பி வந்த நாட்கள் ஞாபகம் வந்தன. ஆனால் அது வேறு. என் மெஷின் உண்மையிலேயே மோசம்.

அண்ணி இருபத்து இரண்டு, இருபத்து மூன்றாம் தாள்களின் ஜெராக்ஸை மேஜையில் விரித்தார். "இந்த மேஸ்திரி எல்லாப் பக்கத்துலயும் மேல ஒரு வரி எழுதியிருக்காரு. 'மேலிருந்து கீழே, வரிசை மாறாமல் செய்.' நாமளும் செய்வோம். இருபத்து ரெண்டாம் தாளை அக்கா செய்யட்டும். இருபத்து மூணை நீ செய்."

"எதுமேல செய்யறது?"

அண்ணி தன் கைப்பையிலிருந்து தோல் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அது என் அண்ணனுடையது.

முதல் வார்த்தை பர்னிஷ். கடினமான, வழுவழுப்பான எதையாவது அழுத்தித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது. அதற்குத்தான் நாய்ப்பல். கை ஓயும் வரை தேய்த்தேன். தோல் என்னைப் பார்த்தது, நான் தோலைப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டாவது கில்ட். தங்க ரேக்கை மேலே ஒட்டுவது. அக்கா என் கையைப் பார்த்துவிட்டுப் பித்தளை ரேக்கைக் கொடுத்தார். ரேக்கு தோலில் ஒட்டவில்லை. மின்விசிறிக் காற்றில் எழுந்து என் மீசையில் ஒட்டியது.

"மூணாவது கிளேர்" என்று அண்ணி படித்தார். "முட்டை வெள்ளைக்கருவை நுரை வர அடிச்சு, தெளிய வெச்சுப் பூசறது. தங்கத்தைப் பிடிச்சு வைக்கும், காய்ஞ்சா மினுக்கும்."

"தங்கம் பறந்து போனதுக்கு அப்புறம் அதைப் பிடிக்கப் பசையா?"

"எழுதினபடி செய்."

நான்காவது ஸ்கவர். நுரைக்கல் பொடியால் அழுத்தித் துலக்கி, அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போக்குவது. பூசிய முட்டை முழுவதும் என் கையாலேயே போயிற்று. ஐந்தாவது சைஸ். மெல்லிய பசைத் தண்ணீரைப் பூசி, மேற்பரப்பின் நுண்ணிய துளைகளை அடைப்பது. பொடியும் பசையும் சேர்ந்து களிமண் ஆயின.

"ஆறாவது ஸ்லிக்ஸ்டோன். சீமாட்டிகள் கழுத்தில் அணியும், ஒளிவிடும் ஒரு மணி."

"அது எங்கே அக்கா?"

"என் கழுத்தைப் பார்த்தா தெரியலையா?" என்றார் பைண்டர் அக்கா. அன்று அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ஏழாவது வார்னிஷ். பூசினேன். கண்ணாடிக் கூடு இப்போது சாக்கடையில் விழுந்து எழுந்த பூனை மாதிரி இருந்தது. அக்கா அதற்குள் இருபத்து இரண்டாம் தாளின் ஏழு வேலைகளையும் வரிசையாக முடித்து, ஒரு தோல் துண்டை என் முன் நீட்டினார். அதில் என் முகம் தெரிந்தது. மீசையில் பித்தளையும் தெரிந்தது.

அக்கா என் கையிலிருந்த கூட்டை வாங்கி முகர்ந்தார். பிறகு இருபத்து மூன்றாம் தாளின் ஜெராக்ஸைப் பார்த்தார். முதல் தடவையாக அதை எழுத்தாகப் பார்த்தார். "துலக்கறதை நாலாவதா எவனாவது செய்வானா? தங்கத்தை வெச்சுட்டா முட்டை பூசுவான்? இதை எழுதினவனுக்கு வேலை தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணி. "அதுதான் எனக்கு வேணும். தம்பி, அந்த ஏழு வார்த்தையோட முதல் எழுத்தை மட்டும் மேலிருந்து சொல்லு."

"பி, ஜி, ஜி, எஸ், எஸ், எஸ், வி." நான் நிறுத்தினேன். "கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்கே அண்ணி."

"மேஸ்திரி வேலை வரிசையில எழுதுவாரு. ஏ பி சி டி வரிசையில எழுதறவங்க யாரு?"

அதற்குத் துப்பறிவாளர் வேண்டியதில்லை. இந்த ஊரில் அந்த வரிசையில் மூச்சு விடுகிறவர்கள் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள்.

"கிளம்பலாமா?"

"முதல்ல பாலிஷ்காரர். அந்த ஆறாவது வார்த்தை என்னை உறுத்துது. மத்த ஆறும் வேலை, இது ஒண்ணு மட்டும் நகை. அது எப்படி நடுவுல வந்து உக்காந்துச்சு?"

பாலிஷ்காரர் கப்பல் பழுதுபார்க்கும் கொட்டகையில், இருபது பேர் உட்காரும் ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல் குனிந்து, துணி உருண்டையால் எட்டு எழுதுவது போல வளைத்து வளைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல். தோள் மட்டும் நாற்பது. எங்களுடன் வந்த பைண்டர் அக்காவைப் பார்த்ததும், "அந்தம்மா வெளிய நிக்கட்டும்" என்றார். அக்கா வெளியே போய் வெயிலில் நின்றார்.

அண்ணி ஏழு வார்த்தைகளையும் படித்தார். பெரியவர் கையை நிறுத்தாமல் கேட்டார். நாலாவதில் முகம் சுளித்தார். ஆறாவதில் கை நின்றது.

"என்னது, நகையா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு ஐயா."

அவர் கீழே குனிந்து, கருவிப் பையிலிருந்து கறுப்பான ஒரு கண்ணாடி உருண்டையை எடுத்து மேஜையில் 'ணங்'கென்று வைத்தார். தலைகீழாக நிற்கும் காளான் மாதிரி இருந்தது. அடி உருண்டை, மேலே பிடி.

"ஸ்லிக்ஸ்டோன் இதுதாம்மா. எங்க வீட்டுல இதுக்கு வேற பேரே கிடையாது. கல்லுலயும் உண்டு, கண்ணாடியிலயும் உண்டு. துணி, காகிதம், தோலு, எதுவா இருந்தாலும் இதை வெச்சு அழுத்தி இழுத்தா வழவழன்னு மினுங்கும். பசைத் தண்ணி காய்ஞ்சதும் மூணாவது வேலை இதான்."

நான் தூக்கிப் பார்த்தேன். "இதைக் கழுத்துல மாட்டினா கழுத்து நிக்காது."

"புத்தகத்துலயும் மூணாவதாத்தான் இருந்துச்சு. எனக்கு எப்படி மறக்கும்? நான் வார்னிஷைக் கொட்டினதே அந்த வார்த்தை மேலதான். பொருள் எழுதின வரி முழுசா மறைஞ்சு போச்சு." அவர் வாசலைப் பார்த்தார். அக்கா ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அப்ப இந்தம்மா எழுதலையா?"

"இவங்க எழுதியிருந்தா வரிசை சரியா இருந்திருக்கும்."

பெரியவர் கொஞ்ச நேரம் தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நிழல்ல வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார்.

"இந்தக் கல்லைப் பத்தி இதுக்கு முன்னாடி யாராவது வந்து கேட்டாங்களா ஐயா?"

"கேட்டாங்களே. அஞ்சு மாசம் இருக்கும். அகராதி ஆபீஸ் அம்மா. குள்ளமா, ரெண்டு காதுலயும் ஒவ்வொரு பென்சில். கல்லைப் போட்டோ எடுத்துக்கிட்டு, முகமே சரியில்லாமப் போனாங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். போகும்போது பெரியவர் அந்தக் கண்ணாடிக் கல்லை அண்ணியிடம் கொடுத்து, சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

இரண்டு பென்சில் அம்மாளைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அகராதி ஆபீஸில் மினுக்குச் சொற்கள் பிரிவுக்கு அவர்தான் உதவி ஆசிரியர். ஆபீஸில் அவரை மினுக்கு மேடம் என்பார்கள். அவர் அறையில் மினுங்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. சுவர் நெடுக மர இழுப்பறைகள், இழுப்பறை நிறையச் சீட்டுகள். சுவரில் ஒரு பலகை: 'சீட்டில் எடு. அடுக்கு. பிறகு எழுது.'

"அப்படின்னா என்ன மேடம்?" என்று நான் கேட்டேன்.

"எந்தப் புத்தகத்துலேர்ந்தும் நேரா எழுத மாட்டோம். வார்த்தைக்கு ஒரு சீட்டு. சீட்டை எழுத்து வரிசையில அடுக்குவோம். அடுக்கினதைப் பார்த்துத்தான் எழுதுவோம்."

பேசிக்கொண்டே அவர் மேஜையில் சிதறியிருந்த சீட்டுகளைச் சேர்த்தார். கண் என் மேல்தான் இருந்தது. விரல்கள் மட்டும் ஒரு சீட்டை உருவி முன்னால் வைத்தன, இன்னொன்றைப் பின்னால் தள்ளின. சேர்த்து முடித்தபோது எல்லாம் ஏ முதல் வரிசையில் இருந்தன. அவருக்கே அது தெரியவில்லை.

"வேலை வரிசையில இருந்த ஏழு வார்த்தையை உங்க கையில கொடுத்துக் காப்பி எடுக்கச் சொன்னா, எந்த வரிசையில வெளிய வரும் மேடம்?" என்றேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது. "இருபத்து மூணாம் தாளை எப்ப உருவினீங்க?"

மினுக்கு மேடம் உட்கார்ந்தார். ஒரு காதிலிருந்து பென்சில் விழுந்தது. கேஸ் முடிந்தது என்று நான் நினைத்தேன். அண்ணி நினைக்கவில்லை போலிருக்கிறது. அவர் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க அந்தக் கல்லைப் பார்த்துட்டு யார்கிட்ட சொன்னீங்க?" என்றார் அண்ணி.

"தலைமை ஆசிரியர்கிட்ட." மேடம் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். "தொகுதியில ஸ்லிக்ஸ்டோனுக்கு அவர்தான் பொருள் எழுதினாரு. சீமாட்டிகள் அணியும் மணின்னு. எனக்கு ஏதோ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. தொகுதி அச்சாகி வந்த பிறகு, பழைய புத்தகத்துல அந்தக் கறை படிஞ்ச தாளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். கறைக்கு அடியில எழுத்து தெரிஞ்சுது. தேய்க்கிற கல்லுன்னு. பாலிஷ்காரர்கிட்ட போய் உறுதி பண்ணிக்கிட்டு வந்து சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ரெண்டாம் பதிப்புல பார்த்துக்கலாம், நீங்க போங்கன்னாரு. அடுத்த மாசம் கண்காட்சி அறிவிப்பு வந்துச்சு. புத்தகத்தை எல்லாரும் பார்க்கப் போறாங்க. அதுக்கடுத்த வாரம் புத்தகத்தோட முதுகு பிய்ஞ்சிருந்துச்சு."

"தாள் மாறிடுச்சுன்னு கேள்விப்பட்டதும் அது யார் வேலைன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

மினுக்கு மேடம் சீட்டுகளைத் தட்டி நேராக்கினார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"எனக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்கு" என்றார் பைண்டர் அக்கா.

அவர் கதவோரம் நின்றிருந்தது மேடத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடம் எழுந்தார், ஏதோ சொல்ல வந்தார், முடியாமல் அழுதார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தலைமை ஆசிரியர் அசல் தாளை எரிச்சிருப்பாரா?" என்றார் அண்ணி.

மேடம் அழுகையை அப்படியே நிறுத்தினார். "மூலத்தை எரிக்கிறதா? என்ன பேசறீங்க? இங்கே கிழிஞ்ச சீட்டைக்கூட எறிய மாட்டோம்!"

"நல்லது. ஒரு வார்த்தையில தப்பு கண்டுபிடிச்சா, அதை எங்கே வைப்பீங்க?"

"திருத்தப் பெட்டியில. அது அவர் ரூம்ல இருக்கு. யார் வேணும்னாலும் திருத்தம் எழுதித் தரலாம். கொடுத்தவங்க முன்னாடியே அதுக்குரிய இடத்துல வெச்சு, பெட்டியைப் பூட்டணும். அந்த விதியை எழுதினதே அவர்தான்."

"ரெண்டாம் பதிப்பு எப்போ வரும் மேடம்?" என்று நான் கேட்டேன்.

"முதல் பதிப்புக்கே இருபத்தாறு வருஷம் ஆச்சு."

மணி நாலு இருபது. அண்ணி ஒரு வெற்றுச் சீட்டைக் கேட்டு வாங்கினார்.

தலைமை ஆசிரியருக்கு ஆபீஸில் முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் பேசிய பிறகு யாரும் பேச மாட்டார்கள். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, காலரில்கூட ஒரு சுருக்கம் கிடையாது. மேஜையில் டைப் அடித்த புகார் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"தாளைக் கொண்டுவந்தீங்களா?" என்றார், பைண்டர் அக்காவைப் பார்க்காமல்.

"இல்லைங்க ஐயா. ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கேன்" என்று அண்ணி சீட்டை நீட்டினார். "உங்க தொகுதியில ஒரு வார்த்தைக்கு."

"இப்ப அதுக்கு நேரமில்லை."

"கொடுத்தவங்க முன்னாடியே பெட்டியில வைக்கணும்னு விதி இருக்காமே?"

முற்றுப்புள்ளி சீட்டை வாங்கினார். படித்தார். அண்ணி கண்ணாடிக் கல்லை மெல்ல அவர் மேஜையில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவர் முகம் வேண்டாம் என்றது; கை பழக்கத்தில் எழுந்து போயிற்று.

பெட்டி ஜன்னல் பக்கம் இருந்தது. திறந்தார். ஏ, பி, சி என்று அட்டைகள். விரல்கள் தானாக எஸ் வரை நடந்தன. பிறகு நின்றுவிட்டன.

நாங்கள் காத்திருந்தோம். ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் அந்தச் சீட்டை டி-யில் செருகிவிட்டுப் பெட்டியைப் பூட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். எங்களுக்கு என்ன தெரியப் போகிறது? அவரால் முடியவில்லை. நாற்பது வருஷமாக எதையும் தப்பான இடத்தில் வைக்காத கை அது. சரியான இடத்தில் வைக்க வேண்டுமானால் அங்கே ஏற்கனவே இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டும்.

"ஐயா, அங்கே முன்னாடியே ஏதாவது இருக்கா?" என்றார் அண்ணி, தொலைந்த குடையைப் பற்றி விசாரிக்கிற குரலில்.

அவர் எடுத்தார். நாலாக மடித்த பழைய தாள். மடிப்புக்கு வெளியே தேன் நிறத்தில் ஒரு பெரிய கறை. அதோடு குண்டூசியில் கோத்த ஒரு சீட்டு. அண்ணி இரண்டையும் வாங்கி, சீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"ஸ்லிக்ஸ்டோன். துணி, காகிதம், தோல் முதலியவற்றை அழுத்தித் தேய்த்து மினுக்கேற்றும் கல் அல்லது கண்ணாடி. முந்தைய பொருள் பிழை. பிழைக்கு நானே பொறுப்பு. இரண்டாம் பதிப்பில், என் காலத்துக்குப் பிறகு, சேர்க்கவும்." கீழே தேதியும் கையெழுத்தும் இருந்தன. புத்தகம் பைண்டர் அக்காவிடம் போவதற்கு இருபது நாள் முந்தைய தேதி.

முற்றுப்புள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கறையில பொருள் மறைஞ்சு போயிருந்துச்சு" என்றார். "ஸ்டோன்னா கல்லு. மினுங்குற கல்லு. நகையாத்தான் இருக்கும்னு நினைச்சேன். ஒரே ஒரு வார்த்தை ஊகம் பண்ணினேன். இருபத்தாறு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு. வெளியீட்டு விழாவுல எல்லாரும் அந்தக் கல்லைப் பத்தியே கேட்டாங்க. அரை மணி நேரம் பேசினேன். அது எப்படி மினுங்கும், எந்த வெளிச்சத்துல என்ன நிறம்னு எல்லாம் சொன்னேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"என்ன நிறம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"சாயங்காலத்துல இளநீலம்." அவர் கறுப்புக் கண்ணாடி உருண்டையைப் பார்த்தார். "ஒருத்தர் அந்தப் பேர்லயே நகைக்கடை திறந்துட்டாரு. நான்தான் ரிப்பன் வெட்டினேன்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது அந்த வருஷத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை.

"தாளை எரிக்கத்தான் எடுத்தேன். தீப்பெட்டி வரைக்கும் வாங்கினேன். முடியலை. வேற பழைய புத்தகத்தோட கடைசி வெற்றுத் தாளை எடுத்து, ராத்திரியும் பகலும் அந்த மேஸ்திரி கையெழுத்தைப் பழகி எழுதினேன். யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன். பாலிஷ்காரர் வந்து கத்தினப்போ, யாராவது ஒருத்தர் மேல சொல்லியாகணும்னு ஆயிடுச்சு."

"வரிசையை மட்டும் மாத்திட்டீங்க" என்றார் அண்ணி.

"எந்த வரிசையை?" என்றார் அவர். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அண்ணி ஜெராக்ஸைக் காட்டினார். அவர் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு" என்றார்.

அண்ணி அசல் தாளைப் பைண்டர் அக்காவிடம் கொடுத்தார். அக்கா மடிப்பை விரித்து, கறையை விரலால் தடவிப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எழுத்தைப் படித்தால் வேலை நடக்காது என்று சொன்னவர், அன்று அந்த மூன்று நாலு வரியை இரண்டு தடவை படித்தார்.

"தப்பு பண்ணின வார்த்தையைத் திருத்தறதுக்கு நாள் குறிச்சு, கையெழுத்துப் போட்டு, பத்திரமா வெச்சிருக்கீங்க" என்றார். குரல் உயரவில்லை. "என் பேரைத் திருத்தறதுக்குச் சீட்டு எழுதினீங்களா?"

முற்றுப்புள்ளி திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அதுவும் ரெண்டாம் பதிப்புலதானா?"

முற்றுப்புள்ளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேஜையில் இருந்த புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அக்கா தலையை ஆட்டினார். அது போதாது என்று அர்த்தம்.

அக்கா ரிஜிஸ்டரைத் திறந்து, கடைசிப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். போன வாரம் புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்களின் பட்டியல் அது. பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் நேராக போன் நம்பர்.

முற்றுப்புள்ளி போனைத் தன் பக்கம் இழுத்தார். முதல் நம்பரைப் போட்டார். கோர்ட் ரெக்கார்டு ரூமில் யாரோ எடுத்தார்கள். அவர் தன் முழுப்பெயரையும் பதவியையும் சொன்னார்.

"அந்தத் தாளை எடுத்தது பைண்டர் அம்மா இல்லை" என்றார். "நான்தான்."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் அதையே இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அக்கா அடுத்த நம்பரைச் சொன்னார்.